முதுகுத் தசையால் மார்பக மறுசீரமைப்பு: தோளை மீட்பது எப்படி?

“கையைத் தூக்கினால் தையல் பிரிந்துவிடுமோ?” முதுகுத் தசையை மார்புக்குக் கொண்டுவந்து புதிய மார்பகம் அமைக்கும் இந்த அறுவைச் சிகிச்சை முடிந்த பெண்களில் பலர் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். அந்தப் பயத்திலேயே கையை உடம்போடு ஒட்டவைத்துக்கொள்கிறார்கள். தோள் இறுகுவது அங்கேதான் தொடங்குகிறது.

எடுக்கப்படும் அகன்ற முதுகுத் தசை, முதுகெலும்பின் கீழ்ப்பாதியிலும் இடுப்பெலும்பின் விளிம்பிலும் விசிறிபோல் விரிந்து, அக்குளைச் சுற்றி வந்து மேற்கை எலும்பில் சேர்கிறது. கையைக் கீழே இழுப்பதும் பின்னே கொண்டுபோவதும் உட்புறம் திருப்புவதும் அதன் வேலை. கையைத் தூக்குவது அதன் வேலையே இல்லை. ஆகவே கை மேலே போக மறுத்தால் தசை போனதால் என்று நினைக்காதீர்கள். தழும்பின் இறுக்கமும் வலியும் பயமும்தான் பெரும்பாலும் காரணம். பயிற்சிக்கு இவை மூன்றும் இணங்கும்.

உங்கள் அறுவை மருத்துவரின் அனுமதி எல்லாவற்றுக்கும் முந்தையது. கீழே சொல்லும் கால அளவை அவர் மாற்றினால், அவர் சொன்னதே சரி.

படி 1: முதல் வாரம். வடிகுழாய் இருக்கும்போதே விரல்களை மடக்கி நீட்டுங்கள், முழங்கையை மடக்குங்கள், தோள்களைக் காதை நோக்கி மெல்ல உயர்த்தி இறக்குங்கள். பல் துலக்கவும் சாப்பிடவும் அந்தக் கையையே பயன்படுத்தலாம். முழங்கை தோள் உயரத்தைத் தாண்ட வேண்டாம்.

படி 2: மருத்துவர் சம்மதித்ததும் படுத்த நிலையில் தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, விரல்களைக் கோத்து, நல்ல கையின் துணையோடு இரு கைகளையும் தலைக்கு மேலே கொண்டுபோங்கள். இழுப்பு தெரியும் இடத்தில் நின்று 5 எண்ணுங்கள். 5 முறை, நாளுக்கு இரண்டு மூன்று தடவை. இழுப்பு இருக்கலாம், குத்தும் வலி கூடாது.

இந்தக் கட்டத்தில் முதுகுத் தழும்பின் கீழ் நீர் கோத்து மெத்தென்று வீங்குவது மிகவும் சகஜம். நீங்கள் தவறு செய்ததால் வந்ததல்ல. நீட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையானால் ஊசியால் எடுத்துவிடுவார்.

படி 3: சுவர். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எறும்பு ஊர்வதுபோல மேலேற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு நாள் நகராத கோடு மூன்றாம் நாள் ஒரு விரற்கடை ஏறும்போது, அதைப் பார்ப்பவர் முகமே மாறிவிடும். ஒரு எச்சரிக்கை: உயரம் கிடைக்கட்டும் என்று இடுப்பை வளைப்பதும் தோளைக் காதுவரை தூக்குவதும் ஏமாற்று வேலை. அப்படிப் போட்ட கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அக்குளில் தந்திபோல ஓர் இழை விறைத்து நின்றால் பயப்பட வேண்டாம். மென்மையான நீட்டலிலும் பிசியோதெரபி சிகிச்சையிலும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 4: வலு. பொதுவாக 6 வாரத்துக்குப் பிறகு. மீள்பட்டையை (ரப்பர்போல இழுபடும் பயிற்சிப் பட்டை) உயரத்தில் கட்டி, முழங்கை விலாவை ஒட்டும்படி கீழே இழுங்கள். போன தசையின் வேலையை, அதன் அருகிலேயே மேற்கை எலும்பில் சேரும் இன்னொரு சிறிய தசையும் மற்றவையும் பங்கிட்டுக்கொள்ளும்; அதற்குப் பல மாதங்கள் தேவை. நரம்பு துண்டிக்கப்படாதிருந்தால், இழுக்கும்போது புதிய மார்பகம் துடிக்கும். இடம் மாறினாலும் தசை தன் பழைய வேலையை மறக்கவில்லை, அவ்வளவுதான். தொந்தரவாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அன்றாட வேலைகளில் குறை அதிகம் தெரியாது. நீச்சல், மலையேற்றம், கைப்பிடியை அழுத்தி நாற்காலியிலிருந்து எழுவது ஆகியவற்றில் தெரியலாம். ஊன்றுகோலையோ சக்கர நாற்காலியையோ நம்பியிருப்பவர்கள் இதை அறுவைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுபவர்களுக்குத் திசுக்கள் பல மாதங்கள் கழித்தும் இறுகும். கோடு மேலே போய்விட்டது என்று சுவரை விட்டுவிடாதீர்கள். காய்ச்சல், தழும்பில் சிவப்பு, கையில் வீக்கம், இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரை அழையுங்கள்.