மூன்றாவது குவார்ட்டரில் தளர்ந்துபோன எங்கள் அணி

நாகர்கோவிலில் பள்ளிப் பையன்களுக்கு பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் பாதியில் முன்னிலையில் இருப்போம், மூன்றாவது குவார்ட்டர் வந்ததும் சட்டை முதுகோடு ஒட்ட, இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார்கள். இங்கே அடிக்கும் புழுக்கம் அப்படி.

சரியென்று கணக்குப் போட்டேன். 10 நிமிடம் வீதம் 4 குவார்ட்டர், களத்தில் 5 பேர், ஆக மொத்தம் 200 நிமிடம். அதை எட்டுப் பேருக்குப் பிரித்தேன். ஐந்து பேரையும் மொத்தமாக மாற்றுவதில்லை, பந்தைக் கொண்டுபோகத் தெரிந்த இருவரில் ஒருவன் எப்போதும் உள்ளே இருப்பான், உயரமான பையன்களுக்கும் இதேதான். முதல் பாதியிலேயே மூன்று ஃபவுல் வாங்கியவனை உடனே உட்கார வைத்துவிடுவேன், ஐந்தாவதோடு அவன் ஆட்டம் முடிந்துவிடுமே.

நன்றாக ஆடும் ஒருவனை தொடக்கத்தில் இறக்காமல், பிறகு பெஞ்சிலிருந்து இறக்கியதுதான் பெரிய பேச்சானது. "சாரே, பயல எதுக்கு வெளிய இருத்திட்டிய?" என்று அவன் அப்பா வந்து நின்றார். அமெரிக்காவின் ஸ்பர்ஸ் அணியில் நட்சத்திர ஆட்டக்காரர் மனு ஜினோபிலியையே பயிற்சியாளர் பாப்பவிச் அப்படித்தான் பயன்படுத்தினார், 2008இல், பெஞ்சிலிருந்து வந்து ஆடுபவருக்குத் தரும் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதும் ஜினோபிலிக்குக் கிடைத்தது என்றேன். யார் தொடங்குகிறார்கள் என்பதைவிட முடிக்கும்போது யார் களத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். கடைசி ஐந்து நிமிடம் அந்தப் பையன் கட்டாயம் இருப்பான். இப்போது மூன்றாவது குவார்ட்டரிலும் பையன்கள் தடுப்பதற்கு ஓடித் திரும்புகிறார்கள்.