பிக்கப் வண்டியின் பின் ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றும் முறை

பிக்கப்பில் சுமையைத் தாங்குவது பட்டை, அதாவது அடுக்கடுக்கான இரும்புத் தகடுகளால் ஆன லீஃப் ஸ்பிரிங். குழியில் இறங்கி எழும் பட்டை திரும்பத் திரும்பத் துள்ளாமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. பொலேரோ பிக்கப், டாடா ஏஸ், தோஸ்த் மாதிரி பின்னால் பட்டை உள்ள வண்டிகளில் பக்கத்துக்கு ஒன்று இருக்கும். மேல் முனை சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்), கீழ் முனை ஹவுசிங் (பின் அச்சின் கூடு) பக்கம். மொத்தம் நான்கு நட்டு கழற்றும் வேலை. முன்பக்கம் ஷாக்கைச் சுற்றிக் காயில் ஸ்பிரிங் உள்ள ஸ்ட்ரட் வகையாக இருந்தால், அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் கை போய்விடும்.

வண்டியை ஓரத்தில் அமுக்கிப் பார்க்கும் சோதனையை பிக்கப்பில் நம்ப வேண்டாம். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலேயே துள்ளல் அடங்கிவிடும். ஷாக் செத்திருந்தாலும் தெரியாது. ஷாக்கின் உடலைப் பாருங்கள். லேசான ஈரப்பசை குற்றமில்லை. எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. டயரைக் கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுவதும், காலி வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியபின் பின்பக்கம் தத்துவதும் அதே சேதியைத்தான் சொல்கின்றன. ஒன்று மட்டும் கசிந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் விறைப்பும் மறுபக்கம் தளர்வுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் அலையும்.

வாங்கும்போது வண்டியின் மாடலோடு தயாரிப்பு ஆண்டையும் சொல்லுங்கள். கண்ணின் (ஷாக் முனையில் உள்ள வளையத்தின்) அகலம், அது மாட்டும் பின்னின் (இரும்புத் தண்டின்) பருமன், முழுக்க நீண்ட நீளம், முழுக்க அமுங்கிய நீளம் ஆகியவை பழையதோடு ஒத்துப்போக வேண்டும். கூடுதல் பாரத்துக்காக எக்ஸ்ட்ரா பட்டை போட்ட வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. காலி வண்டி உயர்ந்து நிற்கும்; ஷாக் ஏற்கெனவே இழுபட்ட நிலையில் இருக்கும். சக்கரம் ஒரு குழியில் தொங்கினாலே ராடு (ஷாக்கிலிருந்து நீளும் தண்டு) முட்டி, உள்ளே பிஸ்டன் பிய்ந்துவிடும். காலி வண்டியில் மேல் பின்னுக்கும் கீழ் பின்னுக்கும் உள்ள தூரத்தை டேப்பில் அளந்து, புது ஷாக்கின் முழு நீளத்தோடு ஒப்பிடுங்கள். இழுபட இன்னும் நாலைந்து சென்டிமீட்டராவது மிச்சம் வேண்டும்.

பெரும்பாலும் 17, 19 ஸ்பேனர்களே போதும்; ஒரே அளவில் ஒரு ரிங்கும் ஒரு சாக்கெட்டும் வேண்டும். அவற்றோடு கம்பி பிரஷ், சுத்தி, ஒரு நெம்புகோல், துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே, புது லாக் நட்டுகள். முந்தைய நாள் இரவே நட்டுகளைக் கம்பி பிரஷால் தேய்த்து ஸ்பிரே அடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். பிக்கப்பின் உயரத்துக்கு அடியில் படுத்தே செய்யலாம். சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். சேஸை மட்டும் தூக்கினால் ஹவுசிங் தொங்கி, ஷாக்கையும் பிரேக் குழாயையும் இழுக்கும்.

கழற்றும் முன் போட்டோ எடுங்கள். சில வண்டிகளில் ஒரு பக்க ஷாக் முன்னோக்கியும் மறுபக்கம் பின்னோக்கியும் சாய்ந்திருக்கும். அது வேண்டுமென்றே செய்த அமைப்பு. வாஷர் வரிசையும் படத்தில் இருக்கட்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்தபின்தான் அடுத்த பக்கம்.

கீழ் நட்டைக் கழற்றி, பிறகு மேல் நட்டு. அசையாவிட்டால் சற்றே இறுக்கிப் பிறகு தளர்த்துங்கள், துரு உடையும். கேஸ் டார்ச்சால் சூடு காட்டவே கூடாது. உள்ளே எண்ணெய் இருக்கிறது, பலவற்றில் அழுத்தமான வாயுவும் உண்டு, வெடிக்கும். கண் பின்னில் ஒட்டிக்கொண்டால் நட்டை நுனியில் நாலு சுற்று மட்டும் ஏற்றி மரையைக் காத்துக்கொண்டு, கண்ணின் ஓரத்தில் தட்டி நெம்புங்கள். பின்னில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்; இல்லையேல் புது புஷ் (கண்ணுக்குள் இருக்கும் ரப்பர்) சீக்கிரமே தின்றுபோகும்.

கடையில் படுத்துக் கிடந்த ஷாக்கின் உள்ளே காற்று கலந்திருக்கும். ராடு மேலிருக்க நிறுத்தி முழுக்க இழுத்து, அப்படியே தலைகீழாகத் திருப்பி மெதுவாக முழுக்க அமுக்குங்கள். நாலைந்து முறை செய்தால் நடுவில் வெறுமையாக ஓடுவது நின்று, ஒரே சீரான எதிர்ப்பு கிடைக்கும். பளபளக்கும் ராடைக் குறடால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் கிழியும். வாயு ஷாக் பட்டியால் கட்டி வந்திருந்தால், சரியான இடத்தில் பிடித்தபின் பட்டியை வெட்டுங்கள், தானாக நீளும்.

புஷ் பின்னில் ஏற அடம்பிடித்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸும் என்ஜின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். நட்டுகளைக் கையால் ஏற்றுங்கள். கடைசி இறுக்கம் வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான். பின்பக்கம் தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கிய கணத்திலேயே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு குழியிலும் மேலும் முறுக்கி, சில மாதங்களில் கிழிந்து ‘டொக் டொக்’ சத்தம் வரும். புது ஷாக் மீது சொல்லப்படும் பல குறைகளுக்கு இதுதான் காரணம். முனையில் கண் உள்ள வகைக்கு சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க் அளவுக்கு (இறுக்க விசை) இறுக்குங்கள். கண்ணுக்குப் பதில் மரை உள்ள தண்டு மேலே நீட்டும் வகைக்கு, வாஷரின் விளிம்பளவுக்கு ரப்பர் பிதுங்கினால் போதும், நசுக்க வேண்டாம்.

ஹவுசிங்கிலிருந்து சேஸுக்குப் போகும் பிரேக் வால்வு கம்பி உங்கள் வண்டியில் இருந்தால், அது வளையவில்லை என்று பாருங்கள். பாரத்துக்கு ஏற்றபடி பின் பிரேக்கைக் கட்டுப்படுத்துவது அதுதான். பட்டையை ஹவுசிங்கோடு பிடிக்கும் யூ போல்ட்டு தளர்ந்திருக்கிறதா, ஹவுசிங் சேஸில் முட்டாமல் தாங்கும் ரப்பர் ஸ்டாப்பர் பிய்ந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் நான்கு நட்டுகளையும் மறுபடி சோதியுங்கள். பழைய ஷாக்கை அறுக்கவோ நெருப்பில் போடவோ வேண்டாம். பழைய இரும்புக்கடைக்குக் கொடுக்கும்போது உள்ளே வாயு இருக்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள்.