ஜின் ஜாடியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள்

நான் போட்ட முதல் ஜின், பல் டாக்டர் அறை மாதிரி மணந்தது. 700 மில்லி வோட்கா, கொஞ்சம் ஜூனிப்பர் (ஜின்னுக்கு அடிப்படை மணம் தரும் காய்ந்த பெர்ரி), மல்லி, ஏலக்காய், பட்டை, எலுமிச்சைத் தோல், ஆறு கிராம்பு. எல்லாம் ஒரே ஜாடியில். ஒரு வாரம் அலமாரியில் வைத்துத் திறந்தால் கிராம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. சொத்தைப் பல்லில் பஞ்சு நனைத்து வைப்பார்களே, அந்த வாசனை. கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற மணப்பொருள் ஆல்கஹாலில் விறுவிறுவென்று இறங்கிவிடும். அந்த அளவுக்கு ஒரே ஒரு கிராம்பு போதும், அதுவும் சில மணி நேரம்தான்.

வீட்டில் செய்யக்கூடியது ஊறல் மட்டும். (ஊறல் என்றதும் காட்டுக்குள் போலீஸ் பானை உடைக்கும் படம் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) கடையில் வாங்கிய வோட்காவில் மணப்பொருள்களை ஊறவைத்து வடிகட்டுகிறோம், அவ்வளவுதான். காய்ச்சி வடிப்பது வேறு கதை. உரிமம் இல்லாமல் அதைச் செய்வது நான் இருக்கும் இங்கிலாந்திலும் குற்றம், நம் ஊரிலும் குற்றம். சீக்கிரம் இறங்கட்டும் என்று ஊறலை அடுப்பில் ஏற்றுவதும் வேண்டாம். ஆல்கஹால் ஆவி குப்பென்று பற்றிக்கொள்ளும்.

பலரும் செய்யும் பெரிய தவறு நான் செய்ததுதான்: எல்லா மணச்சரக்குக்கும் ஒரே கெடு வைப்பது. தாளிக்கும்போது கடுகையும் பெருங்காயத்தையும் கறிவேப்பிலையையும் ஒன்றாகவா போடுகிறோம்? கடுகு வெடிக்கும் வரை காத்திருக்கிறோம், கறிவேப்பிலையைக் கடைசியில் போட்டு உடனே இறக்குகிறோம். ஜாடியிலும் அந்த வரிசை உண்டு. ஜூனிப்பரும் மல்லியும் இரண்டு நாள் தாங்கும். ஏலக்காயும் பட்டையும் அரை நாளிலேயே மேலே ஏறி உட்கார்ந்துவிடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலை இரண்டாம் நாள் மாலை போட்டு மறுநாள் காலை எடுத்துவிட வேண்டும். தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைச் சதை ஒட்டியிருந்தால் அது கசப்பை இறக்கிக்கொண்டே இருக்கும், எத்தனை டானிக் (ஜின்னில் கலக்கும் கசப்புச் சோடா) ஊற்றினாலும் மறையாது.

இப்போதெல்லாம் நான் ஜாடியையே பிரித்துவிட்டேன். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சின்னப் பாட்டில், மேலே பெயரும் தேதியும் எழுதிய ஒட்டுத்தாள். தினமும் ஒரு சொட்டை வெந்நீரில் விட்டு முகர்ந்து பார்ப்பேன், சரியென்று பட்டதும் வடிகட்டிவிடுவேன். அப்புறம் ஒரு கிளாஸில் ஜூனிப்பர் ஊறலை அடியில் ஊற்றி, மற்றவற்றை ஸ்பூன் கணக்கில் சேர்த்துக்கொண்டே வருவேன். கூடிப்போனால் அந்த ஒரு கிளாஸ்தான் வீண். வேலை அதிகம்தான், ஆனால் ஒரு முழு பாட்டில் வோட்காவைத் தொட்டியில் கொட்டும் வலியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

அடுத்த தவறு, ஜூனிப்பரில் கஞ்சத்தனம். பட்டையும் நட்சத்திரச் சோம்பும் ஓங்கி நின்றால் அது மசாலா வோட்கா. ஐரோப்பிய விதிப்படியும் பிரிட்டன் விதிப்படியும் ஜின் என்று சொல்ல ஜூனிப்பர் சுவை முன்னால் நிற்க வேண்டும், ஆல்கஹால் 37.5 சதவீதமாவது இருக்க வேண்டும். 700 மில்லிக்கு 15 முதல் 20 கிராம் ஜூனிப்பர் போடுங்கள். வாங்கும்போது ஒன்றை விரலால் அழுத்திப் பாருங்கள். லேசாக அமுங்கி, பிசுபிசுப்போடு பைன் மர வாசனை வந்தால் நல்ல சரக்கு. மிளகு மாதிரி கல்லாகக் கிடந்தால் எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தம். நசுக்கினால் போதும், மிக்ஸியில் பொடித்தால் மண்டிதான் மிஞ்சும்.

மல்லியை வறுக்காதீர்கள். கை தன்னால் வாணலியைத் தேடும், எனக்கும் தேடியது. வறுத்த மல்லி போட்ட ஜின் சாம்பார்ப் பொடி மணம்தான் மணக்கும். ஜின்னுக்கு வேண்டியது வறுக்காத மல்லி விதையில் இருக்கும் அந்த எலுமிச்சை வாடை. நம் ஊர் மல்லி உருவத்தில் பெரியது, எண்ணெய் குறைவு. ரஷ்யா பக்கம் விளையும் சின்ன விதை மல்லியில் எண்ணெய் அதிகம். சமையல் குறிப்பில் எந்த மல்லி என்று சொல்லாவிட்டால், முதலில் குறைவாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எண்ணிக்கை மோகமும் ஒரு வியாதி. ஜெர்மனியின் கருங்காட்டில் 47 மணச்சரக்கு போட்டு மங்கி 47 என்ற ஜின்னைச் செய்கிறார்கள் என்பது உண்மைதான். டேங்கரே லண்டன் டிரை ஜின்னில் நான்கே நான்கு: ஜூனிப்பர், மல்லி, ஏஞ்சலிகா என்ற செடியின் வேர், அதிமதுரம். இலங்கையின் கொழும்பு எண் 7 ஜின்னில் அந்த நான்கோடு பட்டை, இஞ்சி, கறிவேப்பிலை. இரண்டாம் உலகப்போர் காலத்தில் வெளிநாட்டு மணப்பொருள்கள் கிடைக்காமல் ராக்லண்ட் மது நிறுவனத்தின் கார்ல் டி சில்வா விஜயரத்ன உள்ளூர்ப் பொருள்களைச் சேர்த்ததில் பிறந்த செய்முறை அது. கறிவேப்பிலையை வீட்டில் முயன்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். பச்சையம் இறங்கி ஜின் குளத்துத் தண்ணீர் நிறத்துக்குப் போய்விடும். சங்குப்பூ நீலம் அழகுதான், டானிக்கின் புளிப்பு பட்டதும் ஊதாவாக மாறும். ஆனால் சுவைக்கு அதனால் பெரிதாக ஒன்றும் இல்லை, வெயில் பட்டால் நிறமும் வெளுக்கும்.

இதுவரை சொன்னவற்றில் காசுதான் போகும். சிலவற்றில் உடம்பும் போகும். நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதெல்லாம் ஜாடிக்கு ஆகாது. வசம்பைப் பிள்ளைக்கே உரைத்துத் தருகிறோமே என்று தோன்றும். அதில் இருக்கும் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் காரணமாக 1968-இல் அமெரிக்கா அதை உணவில் தடை செய்தது, இந்திய வசம்பில் அந்தப் பொருள் அதிகம். ஆல்கஹாலோ தண்ணீரில் கரையாததையும் இழுத்துவிடும். வீட்டில் டானிக் செய்கிறேன் என்று சிங்கோனாப் பட்டைப் பொடியைக் கொதிக்க வைப்பவர்களும் உண்டு. 1860-களில் நீலகிரியில் ஆங்கிலேயர் நட்டது இந்த மரத்தைத்தான். டானிக்குக்குக் கசப்பு தரும் கொயினா அந்தப் பட்டையிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. கூடினால் காது இரையும், தலை வலிக்கும். டானிக்கைக் கடையிலேயே வாங்கிவிடுங்கள். ஏஞ்சலிகாவையும் காட்டில் பிடுங்கப் போகாதீர்கள். அதே கொத்தமல்லிக் குடும்பத்தில், பார்க்கக் கிட்டத்தட்ட அதே மாதிரி, ஆளையே கொல்லும் செடிகள் இங்கிலாந்து ஓடைக்கரைகளில் வளர்கின்றன.

கடைசியாக, கலங்கலைப் பார்த்துப் பயந்து கொட்டிவிடுவது. தெளிவாக இருந்த ஜின் டானிக் ஊற்றியதும் பால் கலந்த மாதிரி ஆனால் அது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. ஆல்கஹால் குறைந்ததும், அதில் கரைந்திருந்த எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கிறது. கண்ணாடி மாதிரி வேண்டுமென்றால் அடுத்த தடவை ஜூனிப்பரையும் தோலையும் கொஞ்சம் குறையுங்கள். நான் குறைப்பதில்லை.