நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி: 16 வாரம் நிறையும்வரை நிறுத்தாதீர்கள்

இரண்டு ஊசி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று பத்தாவது வாரத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு குட்டி பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து ரத்தக் கழிச்சலில் துவண்டு கிடக்கும்போது மருந்து சரியில்லை என்று தோன்றும். பெரும்பாலும் காரணம் வேறு.

பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியே தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு இறங்குகிறது. அது உடம்பில் இருக்கும்வரை நோயைத் தடுக்கும். தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. ஒரு குட்டிக்கு 8 வாரத்தில் குறைந்துவிடும், கூடப் பிறந்த இன்னொன்றுக்கு 14 வாரம்கூட ஆகும். வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எத்தனை ஊசி என்று எண்ணாதீர்கள், வயதைப் பாருங்கள்.

டிஸ்டெம்பர் (நுரையீரலையும் நரம்பையும் தாக்கும் வைரஸ் நோய்), பார்வோ, கல்லீரல் அழற்சி மூன்றுக்குமான கூட்டு ஊசியை 7வது வாரம் தொடங்கி 10, 13, 16 வாரங்களில் போடலாம். கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு விழவேண்டும். எலிக்காய்ச்சலுக்கு 8 வாரத்துக்கு மேல் இரண்டு தவணை, 3–4 வார இடைவெளியில். வெறிநோய் ஊசி 12 வாரம் நிறைந்ததும். நம் ஊர் போல வெறிநோய் உள்ள இடங்களில் 2–4 வாரம் கழித்து இன்னொன்று போட்டுக்கொள்வது நல்லது. முதல் ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். காய்ச்சல், கழிச்சல் இருந்தால் அன்று ஊசி வேண்டாம்.

மருந்தை நீங்களே வாங்கிப் போவதாக இருந்தால் ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டியில் கொண்டுபோங்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். உறைந்தாலும் கெடும், வெயிலில் இருந்தாலும் கெடும். பைக் டிக்கியில் போட்டுக்கொண்டு போன மருந்தை நம்பவே முடியாது. கூட்டு ஊசியின் குப்பியில் வெள்ளைக் கட்டி அடியில் ஒட்டியிருக்கும். உடன் வரும் திரவத்தைச் செலுத்தி, கட்டி முழுக்கக் கரைந்ததும் உடனே போட்டுவிடவேண்டும். சின்ன நாய் என்று பாதி மருந்து போடச் சொல்லாதீர்கள். பொமரேனியனுக்கும் ராஜபாளையத்துக்கும் அதே 1 மி.லி.தான்.

தோள்பட்டைக்கு மேல் தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அடியில் ஊசியைச் செலுத்துவார்கள். குட்டி துள்ளினால் ஊசி மறுபக்கம் வெளியே வந்து மருந்து ரோமத்தில் வழிந்துவிடும். ஊசி எடுத்ததும் அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். தடவிய ஸ்பிரிட் காயாமல் குத்துவதும் தவறு, கூட்டு ஊசி போல வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் மருந்தை அது கெடுக்கும். குப்பியின் ஸ்டிக்கர் குட்டியின் தடுப்பூசி அட்டையில் ஒட்டப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். முகம் வீங்கினால், தொடர்ந்து வாந்தி எடுத்தால், ஈறு வெளுத்தால் அது ஒவ்வாமை. அந்த நிமிடமே சிகிச்சை வேண்டும். ஒரு நாள் சோர்வும், ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டியும் சாதாரணம். கட்டி இரண்டு மூன்று வாரத்தில் கரையும்.

கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள், இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊரைக் காட்டுங்கள். பார்வோ வந்த வீட்டில் பினாயில் போதாது. மண்ணில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும். வழவழப்பான தரையைக் கழுவிவிட்டு, 1 பங்கு திரவ பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவிடுங்கள்.

எந்த ஊசி போட்டது என்று தெரியாத வளர்ந்த நாய்க்குக் கூட்டு ஊசி ஒன்றே போதும், எலிக்காய்ச்சலுக்கு மட்டும் இரண்டு தவணை. குட்டியோ பெரியதோ, ஒரு வருடத்தில் எல்லாவற்றையும் மறுபடி போடுங்கள். பிறகு கூட்டு ஊசி 3 ஆண்டுக்கு ஒருமுறை போதும், எலிக்காய்ச்சல் ஆண்டுதோறும். வெறிநோய்க்கும் இங்கே ஆண்டுதோறும் போடுவதே வழக்கம். சினை நாய்க்கு உயிருள்ள வைரஸ் மருந்து ஆகாது, இணை சேர்ப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

உங்கள் நாய் ஊசி போட்டதாக இருந்தாலும், வெறிநோய்ச் சந்தேகமுள்ள வேறு நாய் அதைக் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டி மீண்டும் வெறிநோய் ஊசி போடுங்கள். கழுவும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கடித்த நாயின் எச்சில் அந்தக் காயத்தில் இருக்கும்.