கொலம்பியாவை மேடைக்குக் கொண்டுபோகும் முன்

சுற்றாடல் சட்டங்களால் விண்வெளி வீரரின் பாதுகாப்புக் குன்றுகிறது என்று விவாத மேடையில் வாதிட ஆயத்தமாகும் யாழ்ப்பாணத்து உயர்தர மாணவர் பெரும்பாலும் முதலில் எடுக்கும் சான்று கொலம்பியா விண்ணோடமாகத்தான் இருக்கும். 2003 ஜனவரியில் அது ஏவப்பட்டபோது எரிபொருள் தாங்கியின் மேல் வெப்பக்காப்பாகப் பூசிய நுரையிலிருந்து பெயர்ந்த துண்டு இடது இறக்கையைத் துளைத்தது. பெப்ரவரி 1ஆம் திகதி பூமிக்குத் திரும்புகையில் விண்ணோடம் சிதைந்து எழுவரும் மாண்டனர். ஓசோன் படையைக் காக்கும் விதிகளுக்காக நுரையின் சேர்க்கை மாற்றப்பட்டதே காரணம் என்ற குற்றச்சாட்டு உடனே எழுந்தது.

இதை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ முன், உடைந்த பகுதி எது, விதி மாற்றிய பகுதி எது என்பதைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். தாங்கியின் பெரும்பரப்பில் புதிய நுரை பூசப்பட்டிருந்தது உண்மை. ஆனால் பெயர்ந்த துண்டோ, தாங்கியையும் விண்ணோடத்தையும் இணைக்கும் முன்தாங்குகால்களின் அடியில் கையால் செதுக்கப்பட்ட, ஓசோனைச் சிதைக்கும் சீ.எப்.சீ-11 வாயுவைக் கொண்டு ஆக்கிய பழைய நுரை. அதற்கு அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் 2001இல் விதிவிலக்கே வழங்கியிருந்தது. அடுத்து ஆண்டுகளை ஒப்பிட வேண்டும்: அதே இடத்து நுரை 1983இலும் பெயர்ந்துள்ளது, ஓசோனைச் சிதைக்கும் பொருட்களைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் உடன்படிக்கை 1987இல்தான் கைச்சாத்தானது. இந்த இரண்டும் தெரிந்த எதிரணியின் முன் மேற்படி குற்றச்சாட்டு நிற்காது.

அதற்காக விதிகளின் பக்கம் முழு வெற்றி என்று எழுதிவிடவும் கூடாது. 1997இல் புதிய நுரையுடன் சென்ற பயணமொன்றில் வெப்பக்காப்பு ஓடுகள் வழமையிலும் அதிகமாகச் சேதமடைந்தன. நுரையில் நுண்துளைகள் இட்டு அந்தச் சேதத்தைப் பின்னர் குறைத்தார்கள். மாற்றுப்பொருளைச் சோதிக்கப் போதிய காலம் கிடைத்ததா என்பதே இங்கு கேட்கத்தக்க கேள்வி. கொலம்பியாவைவிட இதுவே வலுவான சான்று என்பது என் கருத்து. மறுதட்டில், வளிமண்டலத்தில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தங்கும் சீ.எப்.சீ-11 வாயுவின் தீங்கை, அந்தப் பயணத்துக்குச் சம்மதம் கொடாத எல்லா நாட்டினரும் சுமக்கிறார்கள் என்பதையும், விண்ணோடங்களுக்குத் தேவைப்பட்ட அளவு குளிரூட்டிகளுக்குச் செலவானதோடு ஒப்பிட மிகச் சிறியது என்பதையும் சேர்த்தே வைக்க வேண்டும். அளவு சிறிது, உயிர் அதில் தங்கியுள்ளது என்றால் காலவரையறையுள்ள விதிவிலக்கு நியாயமானது.

பயிற்சிக்கு இன்னொரு வழக்கு வேண்டுவோர், செய்மதிகளை உந்தும் ஐதரசீனை ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் மிகுந்த கவனத்துக்குரிய இரசாயனங்களின் பட்டியலில் சேர்த்ததை எடுத்து, இதே வரிசையில் விசாரிக்கலாம்.