ஆங்கிலக் குடும்பப்பெயரின் வேரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலேயக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் சரிபார்க்கச் சொல்லி அவ்வப்போது என்னிடம் வம்சாவளிப் படங்களைக் கொண்டுவருவார்கள். தொடக்கத்தில் நான் இடறிய அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். எழுத்துக்கூட்டல் மாறும், வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது. அவற்றை விட்டுவிடுகிறேன். உதாரணத்துக்கு வாஷிங்டன் என்ற பெயரை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியுடைய பெயர் என்பதால் அதைப் பலர் துருவிவிட்டார்கள். அவர்கள் செய்த பிழைகளும் பதிவாகியிருக்கின்றன.

பெயர் எவ்வளவு பழையதோ குடும்பமும் அவ்வளவு பழையது என்று நினைப்பது

வாஷிங்டன் முதலில் ஊர்ப்பெயர். இங்கிலாந்தின் வடகிழக்கில், டரம் நகரத்துக்கு வடக்கே அந்த ஊர் இருக்கிறது. யாரோ ஒருவருடைய பெயரோடு பண்ணையைக் குறிக்கும் சொல் சேர்ந்து உண்டான ஆங்கிலோ-சாக்சன் பெயர் அது. ஆனால் ஆங்கிலோ-சாக்சன் மக்களுக்குப் பரம்பரைக் குடும்பப்பெயர் கிடையாது. ஆல்ஃபிரட், காட்வின், எடித் என்று ஒற்றைப் பெயர்தான். அடையாளத்துக்காக ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டாலும் அது அந்த ஆளோடு போய்விடும். 1066இல் நார்மன்கள் நாட்டைப் பிடித்த பிறகுதான் குடும்பப்பெயர் பிள்ளைகளுக்கு இறங்கத் தொடங்கியது. முதலில் நிலம் வைத்திருந்தவர்களிடம் வந்தது, சாதாரண மக்களிடம் பரவ 14ஆம் நூற்றாண்டு ஆகிவிட்டது.

வாஷிங்டன் குடும்பத்தின் முன்னோர் வில்லியம் என்பவர். அவர் வைத்திருந்த ஊரின் பெயர் ஹார்ட்பர்ன். அதனால் ஹார்ட்பர்ன் வில்லியம். அந்த ஊரை டரம் பிஷப்பிடம் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு வாஷிங்டனை வாங்கிக்கொண்டார். பிஷப்பின் நிலங்களை 1183இல் கணக்கெடுத்து எழுதிய போல்டன் புத்தகத்தில் இந்தப் பரிமாற்றம் இருக்கிறது. ஊர் மாறியதும் பெயரும் மாறியது. அதற்கு முன்னால் இந்தக் குடும்பத்தை வாஷிங்டன் என்ற பெயரில் தேடினால் ஊர்தான் கிடைக்கும், குடும்பம் கிடைக்காது. போதாக்குறைக்குத் தெற்கே சசெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் இருக்கிறது.

பெயர் இருந்தால் ரத்த உறவும் இருக்கும் என்பதும் இதே தவறுதான். 2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கின்படி வாஷிங்டன் என்ற குடும்பப்பெயர் கொண்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். அடிமைத்தளையில் பிறந்து பெரிய கல்வியாளரான புக்கர் டி. வாஷிங்டன், பள்ளியில் பெயர் கேட்டபோது தானாக அந்தப் பெயரைச் சொன்னவர். அவருடைய வளர்ப்புத் தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன்.

பதிவேட்டில் பெயர் பொருந்தினால் நம் ஆள்தான் என்று முடிவு கட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் மறுபடி மறுபடி என் முன்னால் வந்து நிற்பது இதுதான். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

இங்கிலாந்தில் அரசாங்கப் பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1ஆம் தேதி தொடங்கியது. அதற்கு முன்னால் நமக்கு இருப்பவை முக்கியமாகத் தேவாலயப் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கும்படி 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டார். ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், பல இடங்களில் தாயின் முதற்பெயர், அவ்வளவுதான். ஆண்களில் பெரும்பகுதி ஜான், வில்லியம், தாமஸ். அண்ணன் தம்பிகள் தங்கள் பிள்ளைகளுக்குத் தாத்தா பெயரையே வைப்பார்கள். ஆக ஒரே ஊரில், ஒரே பத்தாண்டில், ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் இருப்பது சர்வசாதாரணம்.

இங்கிலாந்துக்காரரை மணந்த தோழி ஒருவர் கணவரின் வம்சத்தைத் தேடினார். லங்காஷயரில் சரியான பெயர், சரியான ஊர், சரியான வருடம் என்று ஒரு ஞானஸ்நானம் அகப்பட்டது. அங்கிருந்து மேலே ஐந்து தலைமுறை ஏறிவிட்டார். உயில்களின் நகல்களைக் காசு கொடுத்து வாங்கினார், அந்த ஊருக்கே போய் வந்தார். அதே தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டை நான் திறந்தபோது அந்தக் குழந்தை 14 மாதத்தில் இறந்து புதைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஐந்து தலைமுறையும் வேறு யாருடைய முன்னோர்களோ. அவர் முகம் வாடியது இன்றும் எனக்கு வருத்தம்தான். அடக்கப் பதிவேட்டை முதலிலேயே பார்த்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

கைதேர்ந்தவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். குடும்பச் சின்னங்களையும் வம்சாவளிகளையும் பதிவுசெய்யும் இங்கிலாந்தின் தலைமை மரபுச்சின்ன அதிகாரியான ஐசக் ஹெர்ட், 1791இல் ஜார்ஜ் வாஷிங்டனுக்கே கடிதம் எழுதிக் குடும்ப விவரம் கேட்டார். ஜார்ஜின் குடும்பத்திலிருந்து முதலில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் குடியேறியவர்கள் ஜான், லாரன்ஸ் என்ற சகோதரர்கள். நார்த்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் என்ற ஊரின் வாஷிங்டன் குடும்பத்திலும் ஜான், லாரன்ஸ் என்று சகோதரர்கள் இருந்தார்கள். சரி, இவர்கள்தான் அவர்கள் என்று பொருத்திவிட்டார். 1866இல் ஜோசப் செஸ்டர் என்ற ஆய்வாளர் அதை உடைத்தார்: சல்கிரேவ் ஜான் சர் பட்டம் பெற்றவர், லாரன்ஸ் பாதிரியார், வர்ஜீனியாவுக்குப் போன இருவருக்கும் இது பொருந்தவில்லை. 1889இல் ஹென்றி வாட்டர்ஸ் ஹர்ட்ஃபோர்ட்ஷயரின் டிரிங் ஊர்ப் பதிவுகளையும் உயில்களையும் வைத்து உண்மையைக் காட்டினார். கடல் கடந்தவர்கள் அந்தப் பாதிரியார் லாரன்ஸின் மகன்கள். ஹெர்ட் பிடித்துவைத்திருந்தது அவர்களுடைய அப்பாவையும் பெரியப்பாவையும்! ஒரு தலைமுறைப் பிழை நீங்கக் கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகியிருக்கிறது.

ஆகவே ஒரு பெயர் பொருந்தியதும் அந்த ஆளை உங்கள் படத்திலிருந்து நீக்கப் பாருங்கள். அடக்கப் பதிவேட்டில் குறைந்தது பத்து வருடம் தேடுங்கள். வேறு ஊரில் அதே பெயரில் கல்யாணம் செய்துகொண்டவர் யார் என்று பாருங்கள். சுற்றுவட்டத் தேவாலயங்களில் அதே பெயர் கொண்ட எல்லாரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரும் என்ன ஆனார் என்று கண்டுபிடியுங்கள். உயில் கிடைத்தால் அதில் வரும் மருமகன், பேரப்பிள்ளைகள் வரை குறித்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் பிறகு ஒருவரே மிஞ்சினால், அப்புறம் அவருக்கு மேலே ஏறலாம்.

ஜனவரி, பிப்ரவரி தேதிகள்

1752க்கு முன்பு இங்கிலாந்தில் வருடம் மார்ச் 25இல் பிறந்தது, அதனால் ஜனவரியும் பிப்ரவரியும் முந்தைய வருடக் கணக்கில் சேரும். 1752இல் நாட்காட்டியை மாற்றியபோது தேதியும் 11 நாள் முன்னே தள்ளப்பட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. இதைக் கவனிக்காவிட்டால் தாய் இறந்த பிறகு குழந்தை பிறந்ததாகக் கணக்கு வரும்.

லத்தீன் பெயர்கள்

பழைய பதிவேடுகள் சிலவற்றில் பெயர்களை லத்தீனில் எழுதியிருப்பார்கள். யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ். புதிய ஆள் இல்லை.

இணையத்தில் கிடைக்கும் வம்சாவளிப் படங்கள்

மூல ஆவணத்தின் படம் இல்லையென்றால் தொடாதீர்கள்.

குடும்பச் சின்னம் வாங்குவது

உங்கள் குடும்பப்பெயரின் சின்னம் என்று கேடயப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி விற்கிறார்கள். இங்கிலாந்தின் மரபுச்சின்ன விதிப்படி சின்னம் ஒரு மனிதருக்கு வழங்கப்படுவது, ஆண்வழியில் அவருடைய வாரிசுகளுக்கு இறங்குவது. குடும்பப்பெயருக்கென்று சின்னம் கிடையாது. வெள்ளைப் பின்னணியில் இரண்டு சிவப்புப் பட்டை, மேலே மூன்று சிவப்பு நட்சத்திரம் கொண்ட வாஷிங்டன் சின்னம் இன்று அமெரிக்கத் தலைநகரின் கொடியாக இருக்கிறது, அதற்காக எல்லா வாஷிங்டன்களும் அதைத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. உங்கள் ஆண்வழி அத்தகைய ஒருவரிடம் போய்ச் சேர்வதாக நம்பினால், 1484இல் தொடங்கப்பட்டு லண்டனில் இருக்கும் மரபுச்சின்னக் கல்லூரிக்கு எழுதிக் கேளுங்கள். கடையில் கொடுக்கும் காசுக்கு நாலு உயில்களின் நகல் வாங்கிவிடலாம்.