தென் அமெரிக்க வரைபடத்தில் தவறாக விழும் ஓர் அம்புக்குறி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டித் தேர்வுக்குப் புவியியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்களின் பயிற்சி விடைத்தாள்களைத் திருத்துகையில், தென் அமெரிக்காவின் காலநிலையைப் பற்றிய கேள்விகளில் ஒரே தவறுகள் ஆண்டுதோறும் திரும்பி வருவதைக் காண்கிறேன். எங்கள் தலைமுறையும் இவற்றையேதான் எழுதியது. தலைநகரங்களை மாற்றி எழுதுவது, ஆறுகளின் பெயர்களில் பிழை விடுவது போன்றவை ஒருமுறை சொன்னால் திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆண்டிஸைக் கண்டதும் 'மழை மறைவுப் பகுதி' என்று எழுதிவிடுவது

எத்தனை முறை திருத்தினாலும் எனக்குப் பொறுக்காத தவறு இதுதான். அண்மையில் ஒரு மாணவி மிக நேர்த்தியான வரைபடம் ஒன்றை வரைந்து வந்தார். அட்லாண்டிக்கிலிருந்து மேற்கு நோக்கி, காற்றைக் குறிக்கும் ஒரே நீல அம்புக்குறி, கண்டத்தின் மேற்கு விளிம்பில் நீளும் ஆண்டிஸ் மலைத்தொடரில் முட்டி நின்றது. மலைக்கு அப்பால் வட சிலியின் அட்டகாமா பாலைவனத்துக்கு மஞ்சள் வண்ணம் தீட்டி 'மழை மறைவு', அதாவது காற்றின் ஈரத்தை மலை தடுத்துவிடுவதால் அதன் மறுபக்கத்தில் வறண்டுபோகும் நிலம் என்று குறித்திருந்தார். தெற்கே பட்டகோனியாவுக்கும் அதே மஞ்சள், அதே காரணம். பட்டகோனியாவின் வறண்ட சமவெளியோ ஆண்டிஸுக்குக் கிழக்கே, அம்புக்குறி வரும் பக்கத்திலேயே இருக்கிறது. காற்றை நேராக எதிர்கொள்ளும் நிலம் எப்படி மழை மறைவாகும் என்று கேட்டபோது, அவரிடம் பதில் இல்லை. குறை அவருடையது மட்டுமன்று. 'ஆண்டிஸ் மழையைத் தடுக்கிறது' என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்ளும் வழிகாட்டி நூல்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஏறத்தாழ 40 பாகை தென் அட்சத்துக்குத் தெற்கே வீசுபவை, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வரும் மேலைக்காற்றுகள். பசிபிக்கின் ஈரத்தைச் சுமந்து வரும் அவை மேற்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே வறண்டு இறங்குகின்றன. அங்கே பல இடங்களில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. மேற்கே அலெர்சே மரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழும் ஈரக்காடு. கிழக்கே கொத்துப் புற்களும் குட்டைப் புதர்களும் நிற்கும் தரை. மழை மறைவுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

அட்டகாமாவின் கதை வேறு. அமேசான் பக்கத்து ஈரத்தை ஆண்டிஸ் தடுப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாலைவனத்தின் மேற்கு விளிம்பிலேயே பசிபிக் பெருங்கடல் கிடக்கிறதே, அந்த ஈரத்தைக் கிழக்கே நிற்கும் மலை எப்படித் தடுக்கும்? விடை கடலிலும் வானிலும் இருக்கிறது. தென் பசிபிக் உயர் அழுத்த மண்டலத்தில் காற்று கீழிறங்கிச் சூடாகிறது. அடியிலோ ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் கடலை ஒட்டிய காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடி போட்டதுபோல் அமர்ந்துகொள்வதால், மேகம் ஏறத்தாழ 1,000 மீட்டருக்கு மேல் எழும்ப முடியாமல் மூடுபனியாகவே நின்றுவிடுகிறது. வட சிலியின் கடற்கரை நகரான அரிக்காவில் ஆண்டுச் சராசரி மழை 1 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை.

இதற்குத் தாவரங்களே சாட்சி. பெருவின் கடற்கரைக் குன்றுகளில் ஜூன் முதல் அக்டோபர் வரை, மூடுபனி படியும் உயரத்தில் மட்டும் 'லோமாஸ்' என்னும் பசுமை தழைக்கிறது. மேகத்துக்கு மேலே சென்றால் மீண்டும் வெறும் மண். அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த டில்லாண்சியா, மணலில் வேரூன்றாமலே கிடந்து, இலைகளின் நுண்செதில்களால் மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சி வாழ்கிறது. 1982–83, 1997–98 எல் நினோ காலங்களில், அதாவது பசிபிக்கின் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் காலங்களில், கடல் சூடேறியதும் பெருவின் வடக்குக் கடற்கரைப் பாலையில் பெருவெள்ளமே வந்தது. ஆண்டிஸ் அப்போதும் அதே இடத்தில்தான் நின்றது.

காரணம் பிழையானால் நீரோட்டம், மீன்வளம், எல் நினோ, தாவரம் என்று அதைத் தொடர்ந்து எழுதும் அத்தனை பத்திகளும் பிழையாகிவிடும். எனவே மலையைக் குறிக்கும் முன் அந்தந்த அட்சத்தில் வீசும் காற்றின் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அட்சத்தை மட்டும் பார்த்து வெப்பத்தைக் கணிப்பது

நிலநடுக்கோட்டை ஒட்டிய ஈக்வடாரின் தலைநகர் கீட்டோ ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே ஆண்டு முழுவதும் மிதமான குளிர்தான். பெருவின் லிமாவும் பிரேசிலின் சால்வடாரும் ஏறக்குறைய ஒரே அட்சத்தில் இருந்தும் முன்னது பாலைநிலம், பின்னது மழை மிகுந்த ஊர்.

அமேசான் மண் வளமானது என்று எழுதுவது

பெரும்பகுதி வளமற்ற மண்ணே. ஊட்டம் மரங்களிலும் அழுகும் இலைச்சருகிலும் இருக்கிறது. ஆண்டிஸின் வண்டலைச் சுமந்துவரும் ஆறுகளின் வெள்ளச் சமவெளிகள் முக்கியமான விதிவிலக்கு.

புல்வெளிகளை எல்லாம் ஒன்றாக்குவது

வெனிசுவேலா, கொலம்பியாவின் லானோஸும் பிரேசிலின் செராடோவும் வெப்பமண்டலச் சவானாக்கள், அதாவது ஆங்காங்கே மரங்கள் நிற்கும் புல்வெளிகள். அர்ஜென்டினாவின் பாம்பாஸ் மிதவெப்ப மண்டலப் புல்வெளி. வடகிழக்குப் பிரேசிலின் காட்டிங்கா புல்வெளியே அன்று, முட்செடிகளும் கள்ளிகளும் நிறைந்த வறண்ட காடு.

நடுச் சிலியில் கோடை மழை என்று எழுதுவது

அங்கே மழை குளிர்காலத்தில், அதாவது ஜூன் முதல் ஆகஸ்டு வரை பெய்கிறது.